லேசருக்குப் பிறகும் பவர் ஏறுமா? யாருக்கு எது சரிப்படும்

கிருஷ்ணகிரியில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது என் வேலை. பெங்களூரிலோ சேலத்திலோ லேசர் செய்துகொண்டவர்கள் சில வருடம் கழித்துத் திரும்பவும் கண்ணாடி கேட்டு வருவது இங்கே புதிதில்லை. "ஒருதரம் பண்ணினா போதும்னு சொன்னாங்களேண்ணே" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இன்னொரு பக்கம், காலேஜ் முடித்த பையனையோ கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணையோ கூட்டிக்கொண்டு வந்து, "லேசிக் நல்லதா, ஸ்மைல் நல்லதா, உள்ளே லென்ஸ் வைக்கிறாங்களாமே அதுவா?" என்று கேட்கும் பெற்றோர்.

மெஷின் பெயரைக் கடைசியில் கேட்கலாம். முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: பவர் ஏறுவது நின்றுவிட்டதா? நாளைக்கு மறுபடி ஏறினால் திருத்துவதற்குக் கருவிழியில் (கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல இருக்கும் கார்னியா) மிச்சம் இருக்குமா? இந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே ஒவ்வொரு வழியையும் எடைபோட்டிருக்கிறேன்.

கிட்டப்பார்வை பெரும்பாலும் கண் முன்பின்னாக நீண்டுபோவதால் வருகிறது. பெரியவர்கள் கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் கூடினாலே மைனஸ் இரண்டரை, மூன்று பவர் வந்துவிடும். லேசர் இந்த நீளத்தைத் தொடுவதே இல்லை. முன்னால் இருக்கும் கருவிழியை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் சீவித் தட்டையாக்கி, அன்றைக்கு இருக்கும் நீளத்துக்குச் சரியாக வெளிச்சம் விழித்திரையில் போய் விழும்படி செய்கிறது. அளவெடுத்துச் சட்டை தைத்தபிறகு பையன் வளர்ந்துவிட்டால் தையற்காரரைக் குறை சொல்ல முடியாது, பாருங்கள், அதே கதைதான். கண் மேற்கொண்டு கால் மில்லிமீட்டர் நீண்டால் அரை முதல் முக்கால் பவர் வரை மைனஸ் திரும்பிவிடும்.

கண் வளராமலே பவர் திரும்புவதும் உண்டு. சீவித் தட்டையாக்கிய இடத்தின் மேல் இருக்கும் மெல்லிய தோல் கொஞ்சம் தடித்து, பள்ளத்தை நிரப்பப் பார்க்கும். மைனஸ் 7, 8 என்று பெரிய பவரைச் சீவியவர்களிடம் இது கூடுதல். சர்க்கரை ஏறி இறங்கினாலும் பவர் ஆடும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கண்புரையின் ஆரம்பமே மைனஸாகத் தெரியும். இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. பயப்பட வேண்டியது ஒன்றுதான்: மெலிந்துபோன கருவிழி அழுத்தம் தாங்காமல் முன்பக்கம் கூம்பு மாதிரிப் புடைப்பது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

கண்ணாடியோடு இன்னும் கொஞ்ச நாள்

இருபது வயதுக்காரருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அதனாலேயே சிலர் முகம் சுளித்துக்கொண்டு போவார்கள். அமெரிக்காவில் கோமெட் என்ற ஆய்வில் கிட்டப்பார்வை உள்ள குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 18 வயதில் 77 சதவீதம் பேருக்குப் பவர் நின்றிருந்தது. 21 வயதில் 90 சதவீதம். அப்படியானால் பதினெட்டு முடிந்த கையோடு லேசருக்குப் போகிற நாலு பேரில் கிட்டத்தட்ட ஒருவருக்குக் கண் இன்னும் நீண்டுகொண்டிருக்கலாம். சட்டப்படி 18 ஆகிவிட்டது என்பது வேறு, கண் நின்றுவிட்டது என்பது வேறு.

நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்வது சுலபம். கடைசி ஒரு வருடத்தில் அரை பவருக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. பவர் எழுதிய இரண்டு வருடச் சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் பழைய கண்ணாடி கிடந்தால் எடுத்து வரச் சொல்வேன். சீட்டைத் தொலைத்திருந்தாலும் கண்ணாடியை லென்ஸ்மீட்டரில் வைத்தால் அப்போது என்ன பவர் என்று காட்டிக்கொடுத்துவிடும். நாள் முழுக்க புத்தகமும் கம்ப்யூட்டருமாக இருக்கும் டாக்டர் படிப்புக்காரர்கள், சி.ஏ. படிப்பவர்கள், ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரும் ஐ.டி. பிள்ளைகள் சிலருக்கு 25 வயதிலும் கால் கால் பவராக நகர்வதைப் பார்க்கிறேன். அவர்கள் வயதைப் பார்க்காமல் சீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கல்யாண அவசரம் இதில் பெரிய சிக்கல். தை மாதம் முகூர்த்தம், அதற்குள் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று கார்த்திகையில் வருவார்கள். பெண்ணுக்கு வயது 21, போன வருடத்தைவிட முக்கால் பவர் ஏறியிருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காக லேசர் செய்துகொண்டு, அப்புறம் கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தில் பவர் ஆடி, பால் கொடுத்து முடிக்கும் வரை மறுபடி திருத்தவும் முடியாமல், கண்ணாடியும் போட மனமில்லாமல் இருக்கும் நிலை யாருக்கு வேண்டும்? அந்தக் கல்யாண நாளுக்குத் தினசரி மாற்றும் கான்டாக்ட் லென்ஸ் போதும். ஒரு பெட்டி வாங்கினால் நலங்கு முதல் மறுவீடு வரை ஓடும்.

கான்டாக்ட் லென்ஸ் நல்ல வழிதான், ஆனால் சுத்தம் வேண்டும். கையைக் கழுவாமல் மாட்டுவது, போட்டபடியே தூங்குவது, குழாய்த் தண்ணீரில் கழுவுவது இவையெல்லாம் கருவிழியில் புண் வர நேர்வழி. கிரானைட் பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அந்தத் தூளுக்கு முன்னால் எந்த லென்ஸும் நிற்காது.

பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிவந்து "இப்பவே லேசர் பண்ணினா பவர் ஏறாதில்லே?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. லேசர் பவர் ஏறுவதைத் தடுக்காது. அதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது: குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, அதற்கென்றே செய்த சிறப்புக் கண்ணாடிகள், தினம் இரண்டு மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் விளையாட்டு. குழந்தைகள் கண் மருத்துவரிடம் போய்க் கேளுங்கள்.

சீவும் முறைகள்: பி.ஆர்.கே., லேசிக், ஸ்மைல்

பவர் நின்றுவிட்டது, கண்ணாடி வேண்டவே வேண்டாம் என்றால் இந்த மூன்றில் ஒன்று. விளம்பரத்தில் சொல்வதுபோல ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று பார்த்தால் குழம்பிப்போவோம். கருவிழியில் எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்போம்.

கருவிழியின் நடுப் பருமன் பொதுவாக 520, 540 மைக்ரான். சிலருக்கு 490, 500தான் இருக்கும். ஒரு பவரைச் சீவ ஆறரை மில்லிமீட்டர் வட்டத்தில் சுமார் 14 மைக்ரான் போகும். மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும், ஆனால் கணக்கு இந்தச் சுற்றுதான். எல்லாம் முடிந்தபிறகு அடியில் குறைந்தது 250 மைக்ரான் தொடாமல் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. இப்போது நிறைய மருத்துவர்கள் 300க்குக் கீழே இறங்க மாட்டார்கள்.

ஒருவருக்குப் பருமன் 510, பவர் மைனஸ் 7 என்று வைத்துக்கொள்வோம். சீவ வேண்டியது 98 மைக்ரான். லேசிக்கில் முதலில் 110 மைக்ரான் கனத்தில் ஒரு மடலை வெட்டித் திறப்பார்கள். அந்த மடலைத் திரும்ப மூடினாலும் அது பழைய பலத்தோடு ஒட்டாது, அதனால் கணக்கில் கழித்துவிட வேண்டும். 510இல் 110ம் 98ம் போக 302. விதிப்படி பாஸ்தான். ஆனால் நாளைக்கு ஒரு பவர் திரும்பினால் இன்னொரு 14 போய் 288. அப்போது மருத்துவர் கையை விரிப்பார். இதில் இன்னொரு கணக்கும் உண்டு: வெட்டியதும் சீவியதும் சேர்ந்து மொத்தப் பருமனில் 40 சதவீதத்தை எட்டினால் கருவிழி புடைக்கும் ஆபத்து கூடுகிறது. இந்த ஆளுக்கு 208ஐ 510ஆல் வகுத்தால் 40ஐத் தாண்டிவிட்டது. இவருக்கு லேசிக் வேண்டாம் என்பேன்.

அதே ஆளுக்கு பி.ஆர்.கே. என்றால் மடலே கிடையாது. மேல்தோலைச் சுரண்டிவிட்டு நேராக லேசர். அந்தத் தோல் ஒரு 50 மைக்ரான், அது திரும்ப வளர்ந்துவிடும். கழித்தாலும் 362 மிச்சம். பின்னால் திருத்தவும் இடம் இருக்கிறது. மடல் இல்லாததால் கபடி ஆடுபவர்கள், கல் வேலை செய்பவர்கள் என்று கண்ணில் அடிபட வாய்ப்புள்ளவர்களுக்கு இதுதான் நிம்மதி. லேசிக் மடல் வருடக்கணக்கில் கழித்தும் பலமான அடியில் நகர்ந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

குறை என்னவென்றால், வலி. மூன்று நாலு நாள் கண்ணைத் திறக்க முடியாமல் எரிச்சலும் கண்ணீருமாகப் போகும். பார்வை தெளிய வாரக்கணக்கு, முழுசாக நிலைக்க இரண்டு மூன்று மாதம். பெரிய பவருக்குச் செய்தால் கருவிழியில் லேசான மங்கல் படரவும் பவர் திரும்பவும் வாய்ப்பு கூடுதல். மங்கலைத் தடுக்க மைட்டோமைசின் என்ற மருந்தை அறுவையின்போதே வைப்பார்கள். வெயில் பட்டால் அந்த மங்கல் கூடும். தருமபுரி வெயிலில் சில மாதம் நல்ல கூலிங் கிளாஸ் இல்லாமல் வெளியே போகக் கூடாது. ரோட்டோரத்தில் விற்கும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது, புற ஊதாக் கதிரைத் தடுப்பதாக இருக்க வேண்டும்.

ஸ்மைலில் மடலுக்குப் பதில் இரண்டு முதல் நாலு மில்லிமீட்டர் கீறல்தான். உள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை வெட்டி அந்தக் கீறல் வழியாக உருவி எடுக்கிறார்கள். நரம்பு குறைவாக அறுபடுவதால் கண் வறட்சி ஓரளவு குறைவு. பைக்கில் நெடுஞ்சாலைக் காற்றிலும் ஏ.சி. அறையிலும் மாறி மாறி இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் பவர் திரும்புவதில் லேசிக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வில்லை எடுக்கும்போது கருவிழியும் கொஞ்சம் கூடுதலாகவே செலவாகும். மறுபடி திருத்த வேண்டும் என்றால் லேசிக்கில் மடலைத் தூக்கிவிட்டுச் செய்யலாம், ஸ்மைலில் தூக்க மடல் இல்லை. பெரும்பாலும் மேலே பி.ஆர்.கே. செய்ய வேண்டி வரும். புது முறை என்று கூடுதல் பணம் கட்டிய பிறகு, இரண்டாவது தடவை அதே பழைய முறைக்கும் வலிக்கும் தயாராக இருக்க வேண்டும்.

மைனஸ் 2 முதல் 5 வரை, நல்ல பருமன், நின்றுவிட்ட பவர் என்றால் மூன்றில் எதுவும் சரி. அங்கே நான் முறையைவிட, அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரத்தில் போய்ச்சேர முடியும் என்றுதான் பார்ப்பேன். கிருஷ்ணகிரிக்காரருக்குப் பெங்களூர் 90 கிலோமீட்டர், தருமபுரிக்காரருக்குச் சேலம் 65. மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று போய்வர வேண்டியிருக்கும். பி.ஆர்.கே. என்றால் நாலைந்து நாளில், புண் ஆறும்வரை கண்மேல் வைத்திருக்கும் கட்டு லென்ஸை எடுக்கவும் போக வேண்டும். சென்னையில் சித்தப்பா வீடு இருக்கிறது, தள்ளுபடியும் தருகிறார்கள் என்று அங்கே செய்துவிட்டு வருபவர்கள் அடுத்த செக்கப்புக்கே போவதில்லை.

தள்ளுபடி என்றதும் ஞாபகம் வருகிறது. "பவர் திரும்பினால் வாழ்நாள் முழுக்க இலவசமாகத் திருத்தித் தருவோம்" என்ற வாக்குறுதியும் இப்போது நிறைய. அந்த வாக்குறுதிக்கு எல்லை போடுவது கருவிழியின் மிச்சம்தான். மேலே சொன்ன 302 மைக்ரான்காரருக்கு இலவசம் கொடுத்தாலும் பயன் இல்லை.

உள்ளே வைக்கும் லென்ஸ்

ஐ.சி.எல். என்பது கருவிழியைச் சீவாமல், கண்ணுக்குள் நம் சொந்த லென்ஸுக்கு முன்னால் இன்னொரு மெல்லிய லென்ஸை வைப்பது. மைனஸ் 8, 10 என்று இருப்பவர்களுக்கும் கருவிழி மெலிந்தவர்களுக்கும் இது நல்ல வழி. பவர் திரும்புமா என்ற நம் கேள்விக்கும் இதுதான் நேர்மையான பதில் தருகிறது. கண் மேற்கொண்டு நீண்டால் இதிலும் பவர் வரும். ஆனால் கருவிழி முழுசாகக் கையிருப்பில் இருப்பதால் மிச்சப் பவரை லேசரில் எடுக்கலாம், தேவைப்பட்டால் உள்ளே இருக்கும் லென்ஸையே எடுத்து மாற்றலாம்.

சும்மா கிடைப்பதில்லை இந்த வசதி. இது கண்ணுக்குள் செய்யும் அறுவை. அரிதாக என்றாலும் கிருமித் தொற்று, கண் அழுத்தம் ஏறுவது, சீக்கிரம் புரை வருவது ஆகிய ஆபத்துகள் உண்டு. கருவிழியின் உள்பக்கச் செல்கள் குறைந்தால் திரும்ப வளராது, அதனால் வருடா வருடம் எண்ணிப் பார்க்க வேண்டும். கருவிழிக்கும் நம் லென்ஸுக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டராவது இடம் இல்லாவிட்டால் வைக்க முடியாது. செலவும் லேசரைவிடக் கணிசமாக அதிகம்.

பணம் பற்றி ஒன்று. மருத்துவக் காப்பீடுகளில் 7.5க்குக் குறைவான பவரைத் திருத்தும் செலவு கிடையாது என்பது நாடு முழுக்க ஒரே மாதிரி வைத்திருக்கும் விலக்கு. பவர் 7.5ஐத் தொட்டவர்கள் பாலிசியை எடுத்து ஒருமுறை படியுங்கள். காத்திருப்புக் காலம் முடிந்திருந்தால் கேட்டுப் பார்க்கலாம். இந்த அளவு பவர் உள்ளவர்களைத்தான் ஐ.சி.எல்.லுக்கு அனுப்புகிறார்கள், அதனால் வீட்டில் பெரிய தொகை புரட்டும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஏற்கனவே செய்தாயிற்று, பவர் திரும்பிவிட்டது

இவர்களுக்கு முதல் வேலை, ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பது. பாதிப் பேருக்குப் பவரே இருக்காது, கண் காய்ந்துபோய் மங்கலாகத் தெரியும். செயற்கைக் கண்ணீர் விட்டு இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் சீட்டே மாறிவிடும். சிலருக்குப் போனைக் கிட்டே வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண்ணின் தசை இறுகிப் பொய் மைனஸ் காட்டும். அதற்குச் சொட்டு மருந்து விட்டுத் தசையைத் தளர்த்திப் பவர் பார்க்க வேண்டும். நிஜமாகவே பவர் என்றால் கண்ணின் நீளத்தை அளந்து லேசருக்கு முந்தைய நீளத்தோடு ஒப்பிட வேண்டும். நீளம் 25.10இலிருந்து 25.40 ஆகியிருந்தால் கண் வளர்ந்திருக்கிறது. இன்னும் வளர்கிற கண்ணை மறுபடி சீவுவதில் அர்த்தமில்லை. நீளம் அப்படியே இருந்தால் விஷயம் கருவிழியில்.

சிலிண்டர் பவர் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே வந்தால், ஒரு கண் மட்டும் மோசமானால், கண்ணாடி போட்டும் எழுத்துக்கு நிழல் விழுந்தால், நான் கண்ணாடி போட்டுத் தர மாட்டேன். அன்றைக்கே கருவிழியின் வடிவத்தைப் படமாகக் காட்டும் டாபோகிராபி எடுக்க அனுப்பிவிடுவேன். கருவிழி புடைக்கிறது என்றால் மறுபடி லேசர் செய்வது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. ரைபோஃபிளேவின் சொட்டு விட்டுப் புற ஊதா வெளிச்சத்தால் கருவிழியை இறுக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை அதற்கு உண்டு. புடைப்பதை நிறுத்தும், போன பார்வையை முழுசாகத் திருப்பித் தராது. ஆகையால் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கண்ணைக் கசக்கும் பழக்கத்தையும் விட்டே ஆக வேண்டும்.

அப்படி எதுவும் இல்லாமல் முக்கால், ஒரு பவர் மட்டும் திரும்பியவர்களுக்கு என் ஓட்டு கண்ணாடிக்குத்தான். வீட்டில், கடையில் அது வேண்டாம். ராத்திரி தொப்பூர் கணவாயில் எதிரே வரும் லாரி வெளிச்சத்தில் வண்டி ஓட்டும்போது போட்டுக்கொண்டால் போதும். லேசர் செய்த கண்ணுக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது சகஜம், அதன்மேல் அரை பவரும் சேர்ந்தால் தொந்தரவு இரட்டிப்பாகும். கண்ணாடி அதில் பாதியைத் தீர்த்துவிடும்.

நாற்பதை நெருங்குபவர்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மைனஸ் ஒன்று மிச்சம் இருப்பது வெள்ளெழுத்து வரும்போது உங்களுக்கே உதவும், பேப்பர் படிக்கப் பிளஸ் கண்ணாடி தேவைப்படுவது தள்ளிப்போகும். பணம் கட்டி அதை எடுத்துவிட்டு இரண்டே வருடத்தில் படிக்கும் கண்ணாடி வாங்க என்னிடமே வருவார்கள். எனக்கு வியாபாரம்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மைனஸ் ஒன்றரை, இரண்டு என்று திரும்பி, வயது முப்பதுக்குள், பவர் ஒரு வருடமாக நிலையாக, கருவிழியில் மிச்சமும் இருந்தால் மறு லேசர் நியாயம். பழைய லேசிக் மடலைப் பல வருடம் கழித்துத் தூக்கினால் மேல்தோல் மடலுக்கு அடியில் புகுந்து வளரும் தொல்லை கூடுதல், அதனால் மடலைத் தொடாமல் மேலேயே பி.ஆர்.கே. செய்வதைப் பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். மிச்சம் இல்லாவிட்டால் ஐ.சி.எல். பற்றிக் கேட்கலாம்.

எந்த வழியில் போனாலும், மைனஸ் 6 இருந்த கண் லேசருக்குப் பிறகும் நீண்ட கண்தான். விழித்திரை மெலிந்தே இருக்கும். திடீரென மின்னல் வெட்டுவது, கறுப்புப் புள்ளிகள் கொத்தாக மிதப்பது, ஓரத்தில் திரை விழுவது என்று ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். கண்ணாடி போய்விட்டது என்று வருடாந்திரப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தத்தை அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், அதனால் லேசர் செய்தவர் என்பதை எந்த மருத்துவரிடமும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

லேசருக்கு முன் எடுத்த டாபோகிராபி, கருவிழிப் பருமன், கண்ணின் நீளம், அன்றைய பவர், எவ்வளவு மைக்ரான் சீவினார்கள் என்ற குறிப்பு எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் பில் மட்டும்தான் கையில் வரும். அறுபது வயதில் புரை அறுவைக்குப் போகும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்குப் போட அந்தக் காகிதத்தைத்தான் மருத்துவர் தேடுவார். போனில் போட்டோ எடுத்தால் போன் மாறும்போது போய்விடும். ரேஷன் கார்டு, நிலப் பத்திரம் வைக்கும் பையிலேயே ஒரு ஜெராக்ஸ் போட்டு வையுங்கள்.